ஜாக்கி பிடிக்கிறவன்

மார்ச் 3, திங்கள்

சர்க்கரை டப்பா இடம் மாறியிருக்கிறது. நான் வைத்தால் மூடியிலுள்ள பூ சுவரைப் பார்க்கும். இன்று காலை பூ என்னைப் பார்த்தது. இவரைக் கேட்டேன். "எறும்பு தள்ளியிருக்கும்" என்றார். சர்க்கரை வியாதிக்காரர் சொல்லும் பொய்க்கு ஒரு தரம் வேண்டாமா? இன்னொரு தடவை பிடித்தால் ஆயுசுக்கும் கசப்புக் காப்பிதான் என்று சொல்லிவிட்டேன். முகம் வெளுத்தது. சரி, இனி டப்பாவைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம்.

மகளும் மாப்பிள்ளையும் இன்னும் இங்கேதான். அவர்கள் வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்களாம். இரண்டு அறை வீட்டுக்கு இத்தனை நாளா? விசாரிக்க வேண்டும்.

பணிமனையில் புது விதி. ஃபோர்மேன் யோசனை, மேனேஜர் கையெழுத்து. கருவி தொலைந்தாலும், உடைந்தாலும், திருடு போனாலும் ஆணியில் யார் டோக்கன் தொங்குகிறதோ அவருக்கு வேலை போகும். ஃபோர்மேன்தான் உரக்கப் படித்தார். படித்துவிட்டு என் ஜன்னலுக்கு வந்து, "இனிமே சாயங்காலம் கருவியெல்லாம் எண்ண வேண்டாங்க்கா. இந்த பயத்துல எவன் கைய வைப்பான்?" என்றார்.

எனக்கும் சந்தோஷம்தான். பேருந்துப் பணிமனையின் கருவி அறை என்பது என் உட்காரும் இடம், என் ராஜ்ஜியம், என் முதுகுவலி. ஒவ்வொரு மெக்கானிக்கும் எண் அடித்த பித்தளை டோக்கன்கள் வைத்திருப்பான். கருவியைக் கொடுத்தால் அது தொங்கிய ஆணியில் அவன் டோக்கனை மாட்டுவேன். கருவி திரும்பினால் டோக்கன் திரும்பும். நான் சாப்பிடப் போகும்போது சாவி ஃபோர்மேனிடம் இருக்கும். அப்போது எடுப்பவர்களே மாட்டிக்கொள்வார்கள். எனக்குப் பிடிக்காத வழக்கம், ஆனால் வயிறு என்று ஒன்று இருக்கிறதே.

மார்ச் 4, செவ்வாய்

புது விதியை மாப்பிள்ளையிடம் சொன்னது என் தப்பு. கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறவர். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு ஆரம்பித்துவிட்டார். குற்றம், தண்டனை எல்லாமே ஒரு ஆட்டம்தானாம். கேம் தியரி என்றார். இவர் உடனே, "சீட்டாட்டமா?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"அத்தை, உடைச்சாலும் வேலை போகும், திருடினாலும் வேலை போகும்னா, கை தவறி உடைச்சவன் என்ன பண்ணுவான்?"

"அழுவான்."

"ஒளிச்சு வைப்பான். சின்ன தப்புக்கும் பெரிய தப்புக்கும் ஒரே தண்டனைன்னா, சின்ன தப்பு பண்ணவனையும் நீங்களே பெரிய தப்புக்குத் தள்ளுறீங்க."

மாப்பிள்ளை ஆயிற்றே என்று தலையாட்டினேன். இதே பேச்சை இவர் பேசியிருந்தால் பாதியிலேயே பாத்திரம் கழுவ அனுப்பியிருப்பேன்.

மார்ச் 6, வியாழன்

கேன்டீன்காரர் இன்று என்னைப் பார்த்துச் சிரித்தார். ஏன்?

மார்ச் 8, சனி

டார்க் ரெஞ்ச் காணோம்.

சக்கர நட்டை எவ்வளவு இறுக்க வேண்டுமோ அவ்வளவு இறுக்கியதும் 'டக்' என்று சொல்லும் கருவி அது. எங்களிடம் இருப்பது ஒன்றே ஒன்று. குறைத்து இறுக்கினால் சக்கரம் தனியாகப் போகும், கூட்டி இறுக்கினால் போல்ட் முறியும். இன்று ஒரு பையன் கேட்டபோது திரும்பிப் பார்க்கிறேன், ஆணியில் ரெஞ்ச் இல்லை. டோக்கன் இருக்கிறது. எப்போதிலிருந்து? எண்ணுவதைத்தான் விட்டுவிட்டோமே!

டோக்கன் மௌனியுடையது.

மௌனி பேசினால் நாங்கள் வானத்தைப் பார்ப்போம், மழை வருகிறதா என்று. அவ்வளவு பேச்சு. பெண்டாட்டிக்கு இது மாசம், படுத்தே இருக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அவனா எடுப்பான்? எடுத்தால் தன் டோக்கனையே மாட்டிவிட்டா எடுப்பான்? ஆனால் அப்படி நான் நினைக்க வேண்டும் என்றே மாட்டியிருந்தால்?

நம் மூளை இருக்கிறதே, அதைக் கழற்றி ஆணியில் மாட்ட ஒரு டோக்கன் வேண்டும்.

மார்ச் 10, திங்கள்

மேனேஜர் கேட்டார். மௌனி, "நான் எடுக்கல சார்" என்றான். அந்த மூன்று சொல்லோடு வருஷத்துக்கான கோட்டா முடிந்தது.

"அப்ப டோக்கன யாருக்குக் குடுத்த?"

தரையைப் பார்த்தான்.

மாசக் கடைசிக்குள் ரெஞ்ச் வரவில்லையென்றால் வேலையும் போகும், திருட்டுப் பட்டமும் வரும். அந்தப் பட்டத்தோடு எந்தப் பணிமனை சேர்த்துக்கொள்ளும்? ஃபோர்மேன் பக்கத்தில் நின்று, "விதின்னா விதிதான்" என்றார். குரல் கொஞ்சம் கம்மியிருந்தது. சளியாக இருக்கும்.

இப்போது சக்கர நட்டுகளைக் கைக்கணக்கில் இறுக்குகிறார்கள். நான் வீட்டுக்கு நடந்தே வந்தேன். இவர், "உடம்பைக் குறைக்கிறியா?" என்று கேட்டார். உயிரைக் காப்பாற்றிக்கொள்கிறேன் என்றேன்.

மார்ச் 11, செவ்வாய்

மாப்பிள்ளை இன்று கரண்டிகளை அடுக்கிப் பாடம் நடத்தினார். சந்தேகப்படும் இரண்டு பேரைத் தனித்தனி அறையில் உட்கார வைக்க வேண்டும். "நீ சொல்லிட்டா உனக்கு மன்னிப்பு, அவன் சொல்லி நீ சொல்லலன்னா உனக்குத்தான் அடி" என்று இருவரிடமும் சொல்ல வேண்டும். அவன் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் தனக்குச் சொல்வதே லாபம் என்று ஒவ்வொருவனும் கணக்குப் போட்டு, இரண்டு பேரும் கொட்டிவிடுவார்களாம்.

எனக்கு மூக்கில் வியர்த்தது. நாளைக்கே மேனேஜர் காதில் போட வேண்டும். என் யோசனை என்று சொல்லிக்கொள்ளலாமா? மாப்பிள்ளை பணிமனைக்கா வரப்போகிறார்?

சாப்பாட்டுக்குப் பிறகு பார்த்தால் சர்க்கரை டப்பாவில் பாதி காலி. மாப்பிள்ளை சிரிக்கிறார். "தண்டனைய கூட்டினீங்க, அந்த தைரியத்துல காவலை விட்டீங்க. மாமா அதக் கண்டுபுடிச்சிட்டாரு. பயம் காட்டுறதுனால திருட்டு கொறையாது அத்தை, நம்ம கண்ணுதான் அசரும்."

இவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், எறும்பைத் தேடுகிறவர் போல.

மார்ச் 13, வியாழன்

நடத்திவிட்டார்கள். மேனேஜர் அறையில் மௌனி. ஓய்வறையில் ரேடியோ. ரேடியோ என்பது மௌனியோடு சேர்ந்து வேலை செய்கிற மெக்கானிக். வாயை அணைக்க பொத்தான் கிடையாது. அவன் கக்கிவிடுவான் என்று நான் கேன்டீன்காரரிடம் ஒரு டீக்குப் பந்தயமே கட்டியிருந்தேன்.

மௌனி வழக்கம்போல. ரேடியோவோ, "வெயில் ஜாஸ்தி சார்" என்றானாம். அப்புறம், "போன வருஷம் இவ்வளவு இல்ல சார்" என்றானாம். அவ்வளவுதான்.

ரேடியோவே நின்றுவிட்டது என்றால் ஊரில் மின்சாரம் போயிருக்க வேண்டும். இவனுக்கு என்ன தெரியும்? யாரைப் பார்த்து இந்தப் பயம்?

மார்ச் 14, வெள்ளி

ரேடியோவை ஜன்னலில் மடக்கினேன். அவனுக்கு வேண்டிய ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு கொடுக்காமல் நின்றேன்.

"மன்னிப்பு தர்றேன்னு சொல்லியும் ஏன்டா வாயத் தொறக்கல? ஒனக்குத் தெரியும்ல?"

"அக்கா, நான் பஸ்ஸுக்கு அடியில படுக்குறேன். ஜாக்கி வேற ஒருத்தன் கையில. பஸ் எறங்காம அடியில முட்டுக்கட்டையத் தள்ளுறதும் அவன்தான். இன்னைக்கு ஒருத்தனக் காட்டிக் குடுத்துட்டு நாளைக்கு நான் எப்படிக்கா படுப்பேன்?"

"மௌனி ஒன்ன அப்படிப் பண்ணுவானா?"

"மௌனியச் சொல்லல" என்றான். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்தான். ஸ்பேனரைக்கூட வாங்காமல் போய்விட்டான்.

மாப்பிள்ளையிடம் சொன்னேன். குதித்தார். "ஒரே ஒரு தடவ ஆடுற ஆட்டத்துலதான் ரெண்டு பேரும் கொட்டுவாங்க. தெனமும் ஆடுற ஆட்டம் வேற. நாளைக்கும் அதே ஆள் மொகத்துல முழிக்கணுமே." அப்புறம் யோசித்துவிட்டு, "ஆனா அத்தை, ரெண்டு பேருமே மன்னிப்ப வேணாங்கிறாங்கன்னா, மேனேஜர் தர்ற தண்டனைய விடப் பெரிய தண்டனை வெளிய எங்கயோ இருக்கு. மூணாவது ஆள் ஒருத்தர் ஆடுறாரு."

மூன்றாவது ஆள். கேன்டீன்காரரின் சிரிப்பு நினைவுக்கு வந்தது. ஆனால் கேன்டீன்காரர் ஜாக்கியைத் தொட்டதே இல்லை. மேனேஜர்? அவருக்கு ஜாக்கிக்கும் குடைக்கும் வித்தியாசம் தெரியாது. யார் பேருந்துக்கு அடியில் படுப்பது, யார் ஜாக்கி பிடிப்பது என்று காலையில் பிரித்துவிடுகிறவர்...

எழுத வேண்டாம். இந்த வீட்டில் படிக்கத் தெரிந்தவர்கள் அதிகம்.

மார்ச் 17, திங்கள்

மாப்பிள்ளையின் அடுத்த யோசனையை என் யோசனையாக மேனேஜரிடம் விற்றேன். ஒரு மரப்பெட்டி. எடுத்ததை, உடைத்ததை அதில் போட்டுவிடலாம். கேள்வி கிடையாது, தண்டனை கிடையாது. காணாமல் போனது பெட்டியில் கிடைத்துவிட்டால் டோக்கன்காரனுக்கும் பழி கிடையாது. ஒரு வாரம் முடிந்ததும் பெட்டியை எடுத்துவிட்டு எல்லார் அலமாரியையும் திறந்து பார்ப்போம்.

மேனேஜர் ஒத்துக்கொண்டார். உடனே ஃபோர்மேன், "பெட்டிக்கு எதிர்ல ஒரு கேமரா வச்சிடலாம் சார். தண்டனை இல்லதான். சும்மா தெரிஞ்சு வச்சுக்கலாமே" என்றார்.

மேனேஜர் முகம் மலர்ந்தது. மன்னிக்கிறேன் என்று சொல்லிவிட்டுத் தெரிந்து வைத்துக்கொள்கிற ருசி இருக்கிறதே! மாமியார்கள் வாழ்வதே அதில்தான். என்னையும் சேர்த்துத்தான்.

ஆனால் கேமரா வைத்தால் எவன் போடுவான்? ஃபோர்மேனுக்கு அது தெரியாதா? தெரிந்துதான் சொன்னாரா?

மார்ச் 18, செவ்வாய்

பெட்டியைத் திறந்தோம். ஒரு பிஸ்கட் உறை. அதுவும் என்னுடையது.

மார்ச் 19, புதன்

மௌனி மதியம் சாப்பிடவில்லை. டப்பாவைத் திறந்து மூடி வைத்துவிட்டான். "வீட்டுல எப்படியிருக்கா?" என்று கேட்டேன். "அவளுக்குச் சொல்லலக்கா" என்றான்.

இவ்வளவு பேசுவான் என்று நான் நினைக்கவில்லை. சொல்லாமல் எத்தனை நாளைக்குடா தாங்குவ?

மார்ச் 20, வியாழன்

இன்று நான் செய்ததை நினைத்து நானே சிரித்துக்கொள்கிறேன்.

நேற்றுச் சாயங்காலம் மாப்பிள்ளை சொன்னார். "வாக்கு குடுத்தா மட்டும் யாரும் நம்ப மாட்டாங்க அத்தை. வாக்க மீறவே முடியாதுன்னு ஆக்கணும். மேனேஜர் கைய அவரே கட்டிக்கிட்டாத்தான் ஆட்டம் மாறும்."

அவர் எங்கே கையைக் கட்டுவார்? நான்தான் கட்ட வேண்டும். காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பெண்கள் கழிவறையின் முன்னறையில் வைத்தேன். இந்தப் பணிமனையில் அதைப் பயன்படுத்தும் ஒரே பெண் நான். பிறகு மேனேஜர் அறைக்குப் போனேன்.

"சார், கேமராவ அங்க மாட்டச் சொல்லவா?"

மேனேஜர் குடித்துக்கொண்டிருந்த டீ மூக்கு வழியாக வந்தது.

"அம்மா... அங்கயா... அது எப்படிங்க..."

"அதான சார். அங்க எப்படி கேமரா? நாலு பேர் என்ன பேசுவாங்க? நானே பேசுவேனே!"

விதியையும் அப்போதே சொல்லிவிட்டேன். தினமும் ஒரு முறை எல்லாரும் தனித்தனியாக உள்ளே போக வேண்டும். கையில் ஒன்றுமில்லாதவனும் கருவிப்பையோடுதான் போக வேண்டும். தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள வேண்டும். மேனேஜர், ஃபோர்மேன், கேன்டீன்காரர், யாருக்கும் விலக்கு கிடையாது.

ஃபோர்மேன், "நான் எதுக்குக்கா? எனக்கு டோக்கனே கிடையாதே" என்றார்.

"அதனாலதாண்ணே" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? வாய்.

மார்ச் 21, வெள்ளி

வாழ்க்கையில் முதல் முறையாகப் பெண்கள் கழிவறைக்கு வெளியே ஆண்கள் வரிசை. கதவைத் தட்டிவிட்டு, "உள்ள யாராவது இருக்கீங்களா?" என்று ஒவ்வொருவனும் கேட்கிறான். நான்தான் வெளியே நிற்கிறேனே, முட்டாள்களா!

நேற்று ஒன்றும் விழவில்லை. காலிப் பெட்டியில் முதலில் போட யாருக்கு மனசு வரும்? அதனால் காலையில் நானே வீட்டிலிருந்து ஒரு பழைய குறடும் திருப்புளியும் கொண்டுபோய்ப் போட்டு வைத்தேன். ஏற்கெனவே யாரோ போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தால் அடுத்தவனுக்குக் கை வரும். இது மாப்பிள்ளை சொல்லித்தந்ததில்லை. இவரைச் சீட்டாட்டத்துக்கு இழுக்க முதலில் தாங்களே காசு போட்டுக் காட்டும் அவருடைய கூட்டாளிகளிடம் கற்றது.

சாயங்காலம் பெட்டியை என்னால் நகர்த்த முடியவில்லை. ஸ்பேனர்கள், வளைந்த நெம்புகோல், கேன்டீன் கரண்டி, மேனேஜரின் பீங்கான் கோப்பை, நான் தொலைத்துவிட்டு கேன்டீன்காரரைச் சந்தேகப்பட்ட என் மூக்குக் கண்ணாடி உறை, யாருடையதென்றே தெரியாத ஒற்றைச் செருப்பு. இந்தப் பணிமனை இத்தனை நாள் எதைக் கொண்டு ஓடியது?

டார்க் ரெஞ்ச் மட்டும் இல்லை.

மார்ச் 22, சனி

இல்லை. இன்றும் இல்லை. பெட்டிக்கு இன்னும் ஒரே நாள்தான். திங்கட்கிழமையோடு எடுத்துவிடுவார் மேனேஜர்.

மார்ச் 24, திங்கள்

இருந்தது.

செய்தித்தாளில் சுற்றி, கம்பியால் கட்டி, பெட்டிக்குள் எல்லாவற்றுக்கும் அடியில். தலைப்பகுதி விரிசல் விட்டிருந்தது. மேலேயிருந்து சிமென்டுத் தரையில் விழுந்திருக்க வேண்டும். திருட்டு இல்லை, ஒன்றுமில்லை. கை தவறியது. உடைந்ததைச் சொன்னால் வேலை போகும் என்பதால் ஒளித்து வைத்தது. மாப்பிள்ளை முதல் நாளே சொன்னது.

பிரித்துக்கொண்டே வந்தேன். கம்பியின் முனையைத் தேடினேன். முனை இல்லை. முறுக்கிய இடத்தில் முனையை உள்பக்கமாக மடித்து, சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி, காகிதத்துக்குள் புதைத்திருந்தது. பிரிக்கிறவர் விரல் கிழியாதபடி.

எத்தனை வருஷமாக இந்த ஜன்னலில் கட்டுகளை வாங்குகிறேன்! எல்லாப் பயல்களும் கம்பியை அப்படியே விறைப்பாக நீட்டி விட்டுத்தான் கட்டுவார்கள். என் விரல்களில் தழும்பு இருக்கிறது. முனையை மடித்துக் கட்டுகிறவர் இங்கே ஒரே ஒருவர்தான்.

அங்கேயே, கழிவறை முன்னறையில், கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

அப்போ அன்னிக்கு மதியம் எங்கிட்ட சாவிய வாங்கி ரெஞ்ச எடுத்ததும் நீதான். டோக்கன் இல்லாததால அந்தப் பையன்கிட்ட "மாட்டுடா"ன்னு சொன்னதும் நீதான். நீ கொண்டு வந்த விதி, நீயே உரக்கப் படிச்ச விதி. அது ஒன் கழுத்துக்கே வந்ததும் அவன் கழுத்த நீட்டிவிட்டுட்டு நின்ன. "விதின்னா விதிதான்"னு சொன்ன. சொல்லிட்டு, கம்பி முனைய மட்டும் மடிச்சு வைக்கிறியா? என் விரல்மேல அவ்வளவு அக்கறையா?

கம்பியைப் பழைய இரும்புக் குவியலில் போட்டேன்.

மார்ச் 25, செவ்வாய்

மௌனிக்கு வேலை உண்டு. மேனேஜர் கை கொடுத்தார். மௌனி, "சரி சார்" என்றான்.

"யார்னு ஏதாவது தெரிஞ்சுதா?" என்று மேனேஜர் என் காதருகே கேட்டார்.

"ஒண்ணும் தெரியல சார்."

கேள்வி கிடையாது என்று வாக்குக் கொடுத்தது நான்தானே. அதை உடைத்தால் அடுத்த முறை பெட்டியில் எவன் போடுவான்? சரி. ஆனால் இப்படி ஒரு செய்தி, என் ஆயுளில் கிடைத்த மிகப் பெரிய செய்தி, என் வயிற்றில்! கேன்டீன்காரர் ஓசியில் டீ நீட்டுகிறார். ரேடியோ கெஞ்சுகிறான். மகள் முறைக்கிறாள். குற்றம் செய்தவருக்குத் தண்டனை இல்லை. வம்புக்காரிக்கு ஆயுள் தண்டனை.

மார்ச் 28, வெள்ளி

ஃபோர்மேன் ஜன்னலுக்கு வந்தார். ஆணிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கட்டு ரொம்ப இறுக்கமா இருந்துதாங்க்கா?"

"இல்ல. கையில படாம மடிச்சிருந்துது."

அவர் முகம் காது வரைக்கும் சிவந்தது. நான் சும்மா விட்டிருக்கலாம்.

"அவன் வீட்டுல புள்ளத்தாச்சி இருக்கா. தெரியும்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

ஜன்னல் கம்பியிலிருந்த தூசியை விரலால் துடைத்தார். "பயம்க்கா" என்றார். இந்த மனிதரைப் பார்த்து ஒரு பணிமனையே பயந்துகொண்டிருந்தது.

நான் சாயங்காலக் கணக்கை ஆரம்பித்தேன், ஒவ்வொரு ஆணியாக. அவர் போகாமல் கூடவே நின்று எண்ணினார்.

மார்ச் 31, திங்கள்

புது விதி வந்தது. உடைந்ததை அன்றே சொன்னால் தண்டனை இல்லை. சாயங்காலம் எண்ணுவது கட்டாயம். ஃபோர்மேனுக்கும் டோக்கன் உண்டு. அதை அவரே கேட்டு வாங்கியதாக மேனேஜர் ஆச்சரியப்பட்டார். நானும் ஆச்சரியப்பட்டேன், நன்றாகவே நடித்தேன்.

புது ரெஞ்ச் வந்துவிட்டது. பேருந்தில் வீட்டுக்கு வந்தேன். முதல் நிறுத்தத்தில் இறங்கி ஒரு முறை சக்கரத்தைப் பார்த்துவிட்டு ஏறினேன்.

மகளும் மாப்பிள்ளையும் கிளம்பிவிட்டார்கள். வெள்ளையடிப்பு போன வாரமே முடிந்துவிட்டதாம். என் கதை எப்படி முடிகிறது என்று தெரிந்துகொள்ளத்தான் மாப்பிள்ளை தங்கியிருக்கிறார். வாசலில் நின்று, "அத்தை, உங்களுக்குத் தெரியும். உங்க மொகத்துலயே இருக்கு" என்றார். "வெயில் ஜாஸ்தி மாப்பிள்ளை" என்றேன்.

இவருக்கும் மன்னிப்புப் பெட்டி வைத்தேன். பீரோவுக்கு மேலிருந்து, செருப்பு அலமாரியிலிருந்து, குளிர்காலக் கம்பளிக்குள்ளிருந்து என்று சர்க்கரைப் பொட்டலங்களாக வந்து விழுந்தன. இத்தனையும் கொடுத்துவிட்டார் என்றால் இன்னும் எங்கேயோ ஒன்று இருக்கிறது.

ஏப்ரல் 9, புதன்

மௌனிக்குப் பெண் குழந்தை. நேற்று. எல்லாருக்கும் அவனே வந்து சொன்னான், வாயால்.

இன்று காலை வேலை பிரித்தபோது பணிமனை கொஞ்சம் அமைதியானது. எட்டிப் பார்த்தேன். ஃபோர்மேன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பேருந்துக்கு அடியில் போய்ப் படுத்தார். அவர் படுத்து நான் பார்த்ததே இல்லை. கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

ஜாக்கியைப் பிடித்திருந்தது மௌனி.

ரேடியோ பேச்சை நிறுத்தினான். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் கண் மௌனியின் கையை விட்டு நகரவில்லை. அவன் குனிந்து, முட்டுக்கட்டையைக் காலால் பேருந்துக்கு அடியில் தள்ளி, இன்னொரு கட்டையையும் தள்ளி, கையால் ஆட்டிப் பார்த்தான்.

"நல்லா இருக்குண்ணே. பாருங்க" என்றான்.

உள்ளேயிருந்து ஸ்பேனர் சத்தம் கேட்க ஆரம்பித்தது.